பாதி முற்றம்

450 சதுர அடி ஃப்ளாட்ல, சமையல் மேடை மேல மைக்கை வெச்சுட்டுப் பேசுறேன்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள். வெளிச்சுற்றுகளான உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே பழைய வீடுகள் ஒட்டி ஒட்டி நிக்கும். பக்கவாட்டுல ஜன்னலுக்கு வழியில்லை. அதனால வீடு நீளமா ஓடும்: திண்ணை, ரேழி, கூடம், கொல்லை. வெளிச்சம் முற்றத்து வழியா வரும். கூடத்துல பகல்ல சாப்பாடு, ராத்திரி பாய் விரிச்சா படுக்கை, விசேஷம்னா பந்தி. கட்டில் வாங்கின பிறகுதான் எங்க வீட்டுக்கே ‘பெட்ரூம்’ தேவைப்பட்டுச்சு!

தாத்தாவும் அவர் தம்பியும் பாகம் பிரிச்சப்போ, சுவர் முற்றத்துக்கு நட்டநடுவுல எழும்புச்சு. அப்புறம் மழைக்குன்னு மேலே தகரம். பகல்லயே லைட் போடணும். பாட்டி அரிசி புடைக்கத் திண்ணைக்கு வந்துட்டாங்க.