வாசகரிடம் இல்லாத எழுத்து

ஓர் இணையதளத்தை மாற்றி அமைக்க வேண்டும் என்றால் நிறம், முகப்புப் படம், பொத்தான்களின் இடம் பற்றித்தான் பேச்சு முதலில் எழும். தன்னார்வலர்கள் நடத்தும் திறமூல மென்பொருள் திட்டங்களிலும் இதே கதைதான். ஆனால் தமிழ்த் தளங்களின் முதல் பதினைந்து ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், அவை திரும்பத் திரும்ப இடித்துக் கட்டப்பட்டதற்குத் தோற்றம் காரணமாக இருந்தது குறைவு. எழுத்துக்குப் பின்னால் இருந்த எண்கள்தாம் காரணம். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை ஊரறியப் பேசி முடிவுசெய்து வெளியிட்டவர்களின் தளங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் தாண்டி வந்தன. அந்தக் கணக்கைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டவர்களின் பக்கங்களில் பல இன்று படிக்க முடியாத குறிகளாகக் கிடக்கின்றன. இந்தக் கணக்கைப் பொதுமேடைக்கு இழுத்து வந்ததில் முதற்பங்கு சிங்கப்பூருக்கு உண்டு என்பது என் வாதம். அந்த நகரின் பங்களிப்பு, அங்கு உருவான பக்கங்களைக் காட்டிலும் அங்கு நடந்த பேச்சில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர்த் தமிழ் அச்சின் வரலாறு கணினிக்கு நூறாண்டு முந்தியது. 1887இல் சி. கு. மகுதூம் சாயபு தீனோதய யந்திரசாலையில் அச்சிட்டு ‘சிங்கை நேசன்’ வார இதழை வெளியிட்டார். 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். இந்த இதழ்கள் எந்த அச்செழுத்தில் கோக்கப்பட்டன என்று சிராங்கூன் சாலைக் கடைக்காரரோ துறைமுகத் தொழிலாளியோ கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஈய எழுத்து அச்சகத்தில் இருந்தால் போதும். வாசகர் கைக்குக் காகிதம் வந்துவிடும். கணினித் திரைதான் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. இணையத்தில் அனுப்பப்படுவது எழுத்தின் வடிவம் அன்று, எண்களின் வரிசை. அனுப்பியவர் பயன்படுத்திய அதே எழுத்துரு படிப்பவரின் கணினியிலும் இருந்தாலொழிய அந்த எண்கள் தமிழாக மாறா. அச்சகத்தாரின் எழுத்துப்பெட்டி வாசகர் வீட்டிலும் இருக்க வேண்டும் என்ற நிலை தமிழ் எழுத்தின் நீண்ட வரலாற்றில் முதன்முறையாக 1990களில் ஏற்பட்டது. பிறகு வந்த சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் இதுவே.

சிங்கப்பூரில் இது சீக்கிரமே கண்ணில் பட்டதற்குக் காரணம் உண்டு. 1991இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் டெக்நெட் வழியாக இணையம் நுழைந்தது; 1994இல் சிங்நெட் அதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. தீவு முழுவதையும் கணினிமயமாக்கும் ‘ஐடி 2000’ திட்டமும் நடந்துகொண்டிருந்தது. இவற்றைவிட முக்கியமானது நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகள். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியது. அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். தமிழ் இணையத்தின் முதல் பக்கங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. தமிழ்ப் பகுதியின் பின்னால் இருந்தவர் நா. கோவிந்தசாமி. தேசிய கல்விக் கழகத்தில் பணியாற்றிய சிறுகதை எழுத்தாளர், ‘கணியன்’ மென்பொருளை உருவாக்கியவர். பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் டான் டின் வீ அவருடன் சேர்ந்து உழைத்தார். சீனமும் தமிழும் ஒரே மேசையில் வைக்கப்பட்டபோது வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. சீனத்துக்கு ஜிபி 2312, பிக்5 என எல்லாரும் அறிந்த குறியேற்றங்கள், அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற அட்டவணைகள், 1980கள் முதலே இருந்தன. தமிழுக்கு எழுத்துருக்கள் ஏராளமாக இருந்தன. ஒப்புக்கொண்ட குறியேற்றம் ஒன்றுகூட இல்லை. சென்னையில் மட்டும் இருந்து பார்த்தவருக்கு இந்தக் குறை இவ்வளவு உறைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

அந்த நாளைய எழுத்துருவுக்கு 256 இடங்கள்தாம் உண்டு. பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடத்துக்குள் 247 எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் அடக்க, எழுத்துகளைத் துண்டாக்கினார்கள். ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டது. எந்தத் துண்டை எந்த எண்ணில் வைப்பது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வகுத்தார்கள். பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. நான்கு இதழ் படிக்க நான்கு எழுத்துரு இறக்க வேண்டும். இந்தச் சூழலில்தான் 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. பல நாடுகளில் தனித்தனியே உழைத்தவர்கள், ஒருவர் வேலையை மற்றவர் வேலைக்குப் போட்டியாகவே பார்க்க நேர்ந்தவர்கள், பொதுக் குறியேற்றமும் பொது விசைப்பலகையும் வேண்டும் என்ற கேள்வியை ஒரே அரங்கில் எடுத்துக்கொண்டார்கள். தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் வந்தன. இதற்கு இணையாக உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து டிஸ்கி குறியேற்றத்தை வகுத்தார்கள். நா. கோவிந்தசாமி அதே 1999 மே மாதம் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை அவர் பார்க்கவில்லை. தமிழ்த் தகவல் தொழில்நுட்பத்துக்கான உலக மன்றமான உத்தமம் உருவானதும் அந்த 2000ஆம் ஆண்டில்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோடின் முதல் பதிப்பு 1991லேயே வந்துவிட்டது; அதில் தமிழுக்கு 128 இடங்களும் ஒதுக்கப்பட்டிருந்தன. அப்படியிருக்க, இத்தனை மாநாடு கூட்டி 256 இடமே கொண்ட எட்டு பிட் குறியேற்றங்களுக்காக வாதாடியது ஐந்தாறு ஆண்டுகளை வீணடித்த செயல்தானே? இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. டாப், டிஸ்கி என இரண்டு தரங்கள் எதிரெதிரே நின்றது நன்மை செய்யவில்லை. ஆனால் 1997இல் யூனிகோடு நடைமுறையில் வாசகரைச் சென்றடையவில்லை. விண்டோஸ் 95இல் யூனிகோடுத் தமிழை ஒழுங்காகக் கோத்துக் காட்டும் வசதி இல்லை. 2000இல் வந்த விண்டோஸ் பதிப்பில்தான் அது கிடைத்தது. அதுவரை எழுதாமல், படிக்காமல் காத்திருந்திருக்கலாம் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த இடைக்காலத்தில் எழுதிப் பழகியவர்கள்தாம் பின்னர் யூனிகோடு தமிழுக்குச் சரியாக அமைய வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவர்கள். உத்தமத்தின் பணிக்குழுக்கள் யூனிகோடு பற்றிப் பேச முடிந்தது, பேசுவதற்கு ஒரு சபை ஏற்கெனவே கூடிப் பழகியிருந்ததால்தான்.

இரண்டாவது மறுப்பு, இதில் திறமூலம் எங்கே இருக்கிறது என்பது. சிங்கப்பூர் முயற்சிகள் பல்கலைக்கழகமும் அரசும் தாங்கியவை; அன்றைய எழுத்துருக்களில் பல விற்பனைக்கு வந்தவை. உண்மைதான். திறமூலம் என்ற பெயரே 1998 பிப்ரவரியில்தான் அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. ஆனால் நிரலின் மூலத்தைத் திறந்து வைப்பதற்கு முன் நடக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. தரவின் அமைப்பைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குச் சிறந்த சான்று மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கிய இந்தத் தன்னார்வத் திட்டத்தை சுவிட்சர்லாந்தில் இருந்து கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்து குமார் மல்லிகார்ஜுனனும் நடத்தினார்கள். சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை தட்டச்சு செய்து இலவசமாக வழங்கினார்கள். முதலில் ரோமன் எழுத்திலும் டிஸ்கியிலும் இருந்த நூல்கள் பின்னாளில் யூனிகோடுக்கு மாறின. அந்த மறுவடிவமைப்பை எண்ணிப் பாருங்கள். ‘கொ’வின் மூன்று துண்டுகளை ககரமும் ஒகரக் குறியும் என இரண்டாக்க வேண்டும், முன்னால் நிற்கும் கொம்பைப் பின்னால் தள்ள வேண்டும். கோப்பு முழுவதும் எண்ணை மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். டிஸ்கி அட்டவணை எல்லார் கையிலும் இருந்ததால் எவரும் இதற்கு நிரல் எழுத முடிந்தது. இருந்த நூல்களைப் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் தனி எழுத்துருவில் அவை சிக்கியிருந்தால் அந்த உழைப்பின் கதி என்னவாகியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தோற்றத்தை இப்படி ஒதுக்கிவிடலாமா என்றும் கேட்கலாம். இளைய வாசகர் அழகில்லாத தளத்தில் அரை நிமிடம் தங்கமாட்டார். சிங்கப்பூரில் தமிழ் பயிலும் பிள்ளைகளில் பெரும்பாலாருக்கு அது பள்ளியில் இரண்டாம் மொழி. மங்கிய, நெருக்கியடித்த பக்கம் அவர்களை விரட்டிவிடும். இந்தக் கவலையை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் இன்று வடிவமைப்பாளர் தமக்குப் பிடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க முடிவதே குறியேற்றம் ஒன்றானதால்தான். நோட்டோ, லோகித் போன்ற கட்டற்ற எழுத்துருக்களில் எதைப் போட்டாலும் உள்ளே இருக்கும் எண் மாறாது. ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நிரலும் திறமூலமே. இந்த அடித்தளத்தைப் பாராமல் தோற்றத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2017 தேசிய தினத்துக்கான துண்டறிக்கையில் தமிழ் வாசகம் சிதைந்து அச்சானதும் ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டதும் நினைவிருக்கலாம். தமிழைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் வாசகத்தை ஒட்டினால் கொம்பு ஓரிடமும் எழுத்து வேறிடமுமாகப் பிரிவது வடிவமைப்பாளர்கள் அடிக்கடி காணும் விபத்து. அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்தாலே அது பிடிபட்டுவிடும்.

2011இல் ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் முகவரி விகுதி இணையத்தின் வேர்ப்பட்டியலில் சேர்ந்தது. பல மொழி முகவரிகளுக்கான தொடக்க ஆய்வும் டான் டின் வீயின் குழுவில் நடந்ததே. ஆனால் முகவரியைவிட அவசரமான வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் தனி எழுத்துருக்களில் எழுதப்பட்ட கதைகளும் செய்திகளும் கட்டுரைகளும் பழைய வட்டுகளிலும் வழங்கிகளிலும் கிடக்கின்றன. ஓப்பன்-தமிழ் போன்ற திறமூல நிரல் தொகுப்புகளில் பழைய குறியேற்றங்களை யூனிகோடாக மாற்றும் பகுதிகள் உள்ளன. டிஸ்கிக்கும் டாப்புக்கும் அட்டவணை வெளியிடப்பட்டிருப்பதால் அந்தக் கோப்புகள் நொடியில் மாறிவிடுகின்றன. மறைத்து வைக்கப்பட்ட எழுத்துருக்களுக்கு ஒருவர் உட்கார்ந்து, வடிவத்தைக் கண்ணால் பார்த்து, ஒவ்வோர் எண்ணாகக் குறித்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த எழுத்துருக்களின் கோப்பு எவரிடமாவது இருந்தால் அட்டவணையோடு இப்போதே வெளியிட வேண்டும். அவற்றை உருவாக்கியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலம் குறைந்துகொண்டே வருகிறது.