செதுக்குப் படங்களில் ஒரு விடுதலைப் போர்

1861ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி 1865ஆம் ஆண்டு வரை வட அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரை, களத்துக்குப் போகாத மக்கள் வாரத்துக்கு ஒரு முறை கண்ணால் கண்டனர். நியூயார்க் நகரிலிருந்து வெளிவந்த 'ஹார்ப்பர்ஸ் வீக்லி', 'ஃபிராங்க் லெஸ்லி' முதலிய படச் செய்தித்தாள்கள் தரைப் போரையும் கடற்போரையும் மரத்தில் செதுக்கி அச்சிட்டு வீடுதோறும் கொண்டு சேர்த்தன. போர்க்காலத்தில் ஹார்ப்பர்ஸ் இதழ் மட்டுமே வாரம் ஒரு லட்சம் படிகளுக்கும் மேல் விற்பனையாயிற்று. எழுத்தறியாதவரும் இந்தப் படங்களைப் படித்தனர். அப்போரின் முடிவில் ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைத் தளையினின்று விடுபட்டனர்.

எங்கோ நடந்த போரைப் பற்றி நம் வெள்ளி விழா மலரில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கத் தம்மை ஈந்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம் இந்தப் படத் தாள்கள் அச்சான அதே நியூயார்க் நகரில் உள்ளது. ஆகவே, அந்த மக்கள் போரில் எவ்வாறு நின்றனர், எவ்வாறு வரையப்பட்டனர் என்று அறிவது நமக்குப் புறம்பான கல்வி அன்று.

முதலில் படம் உருவான முறையைச் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் படத்தை நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது. புகைப்படம் அக்காலத்தில் உண்டு. ஆயின் ஓடும் மனிதனை அது பிடிக்காது, அசையாதவற்றையே பிடிக்கும். மேலும் புகைப்படத்தை அப்படியே செய்தித்தாளில் அச்சிடும் வழி அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் பழக்கத்துக்கு வந்தது. எனவே ஆல்ஃபிரட் வாட், எட்வின் ஃபோர்ப்ஸ் போன்ற ஓவியர்கள் படையோடு படையாகச் சென்று, குண்டு விழும் இடத்துக்கு அருகே அமர்ந்து, பென்சிலால் விரைவாக வரைந்து அனுப்பினர். அந்தத் தாள் குதிரையிலும் இரயிலிலும் கப்பலிலும் பயணம் செய்து நியூயார்க் வந்து சேரும். அங்கே வேறொருவர் அதைப் பாக்ஸ் மரக்கட்டையின் மேல் இடவலம் மாற்றி மீண்டும் வரைவார்.

இந்தக் கட்டை, மரத்தை நெடுக்கில் அறுத்த பலகை அன்று. குறுக்கே வெட்டிய முகம். அதில் நார் ஓடாது. ஆதலால் மயிரிழை போன்ற கோடும் நிற்கும். அச்சில் வெள்ளையாக வேண்டிய இடமெல்லாம் உளியால் களையப்படும்; உளி படாமல் எஞ்சுவதே கறுப்பு. பாக்ஸ் மரம் பருத்து வளர்வதில்லை. ஆகையால் பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளைத் திருகாணியால் பிணைத்து, வரைந்தபின் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு தொழிலாளியிடம் கொடுப்பர். ஒருவர் வானம் செதுக்குவார், ஒருவர் மரங்கள், மற்றொருவர் முகங்கள். பிறகு மறுபடி பூட்டி, அதிலிருந்து உலோக வார்ப்பு எடுத்து அச்சேற்றுவர். ஈய எழுத்துக் காலத்தில் நம் ஊர் அச்சகங்களில் வேலை பார்த்த பெரியோர் 'பிளாக்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இந்த மரக்கட்டையின் நினைவும் இருக்கிறது.

ஆகவே ஒரு முகம் வாசகரிடம் வந்து சேர்வதற்குள் களத்து ஓவியர், கட்டையில் வரைபவர், செதுக்குபவர், ஆசிரியர் எனப் பலர் கையைக் கடந்தது. அத்தனை கைகளும் பெரும்பாலும் வெள்ளையர் கைகள். கறுப்பு மனிதர் எவ்வாறு நிற்க வேண்டும் என்பதில் அந்தக் கைகளுக்கெல்லாம் ஏற்கெனவே ஓர் எண்ணம் இருந்தது. 1861 டிசம்பரில் ஹார்ப்பர்ஸ் இதழில் வின்ஸ்லோ ஹோமர் வரைந்த பொடோமாக் ஆற்றங்கரைப் பாசறைக் காட்சி வெளியாயிற்று. தீ மூட்டி, அதைச் சுற்றி வெள்ளை வீரர்கள் அமர்ந்திருக்கின்றனர். நடுவே கறுப்பு மனிதர் ஒருவர் அவர்கள் மகிழ ஆடுகிறார். ஹோமர் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் போரின் முதலாண்டில் அவர் கண்ணுக்கும் கறுப்பு மனிதருக்குரிய இடம் அதுவாகவே பட்டது. படையில் சமையற்காரர், குதிரைக்காரர், சுமைக்காரர், ஆட்டக்காரர். துப்பாக்கி மட்டும் அவர் கைக்கு உரியதன்று.

கடலில் நிலைமை சற்று வேறு. அமெரிக்கக் கப்பல்களில் கறுப்பு மாலுமிகள் நெடுங்காலமாகப் பணிபுரிந்தனர். அதே 1861ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் 'எஸ். ஜே. வேரிங்' என்னும் பாய்மரக் கப்பலைத் தென்தரப்பின் கொள்ளைக் கப்பல் ஒன்று பிடித்தது. அதில் பணியாளராயிருந்த வில்லியம் டில்மன் அடிமையாகப் பிறந்தவர் அல்லர். எனினும் சார்ல்ஸ்டன் துறைமுகம் சேர்ந்ததும் அவரை விற்றுவிடுவதென்று பிடித்தவர்கள் முடிவு செய்தனர். ஜூலை 16 இரவு டில்மன் கைக்கோடரியால் அவர்களுள் மூவரை வீழ்த்திக் கப்பலைத் தம் வசமாக்கினார். கடல்வழிக் கணக்கு அறியாதவராயிருந்தும் 21ஆம் நாள் அதனை நியூயார்க் கொண்டு சேர்த்தார். அதே நாளில்தான் புல் ரன் என்னுமிடத்தில் வடதரப்புப் பெரும்படை தோற்று ஓடியது. ஆகஸ்டில் ஹார்ப்பர்ஸ் இதழ் டில்மன் கோடரி ஓங்கிய காட்சியைச் செதுக்கி வெளியிட்டது. நீதிமன்றம் அவருக்கு 6,000 டாலர் வழங்கியது. இத்தனைக்குப் பின்னும் கறுப்பின மக்களைப் படைவீரராகச் சேர்க்க அரசு இசையவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு மே 13ஆம் நாள் விடியுமுன் நடந்த நிகழ்ச்சியோ அக்காலத்தையே வியக்கச் செய்தது. ராபர்ட் ஸ்மால்ஸ் 23 வயது இளைஞர். தென் கரோலினா மாநிலத்துப் பியூஃபோர்ட் நகரில் அடிமையாகப் பிறந்தவர். 'பிளாண்டர்' என்னும் தென்தரப்புப் போர்க் கப்பலில் சுக்கான் பிடிப்பவர். அவ்வேலை செய்த வெள்ளையனை வழிகாட்டி மாலுமி என்று மதிப்பாக அழைத்தவர்கள் அடிமையை அவ்வாறு அழைக்க மறுத்து 'சக்கரக்காரன்' என்றனர். அதிகாரிகள் கரையில் உறங்கப் போன இரவில் ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பினார். மனைவி மக்களையும் தோழர்களின் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டார். மொத்தம் 16 பேர். கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவர் நிற்பது போலவே நின்று, கோட்டைகளைக் கடக்கும்போது முறைப்படி ஊதலால் அடையாளம் கொடுத்து, சம்ட்டர் கோட்டையின் பீரங்கிகளையும் தாண்டினார். பிறகு வெள்ளைத் துணியை ஏற்றி, வெளியே காவலிருந்த வடதரப்புக் கப்பலிடம் சென்று சேர்ந்தார். கப்பலின் சொந்தப் பீரங்கிகளோடு, வேறிடத்துக்கு ஏற்றிச் செல்லவிருந்த நான்கு பீரங்கிகளும் வடதரப்பின் கைக்கு வந்தன. பிடிபட்டால் என்ன ஆகும் என்பது அந்தப் பதினாறு பேருக்கும் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, ஜூன் 14 நாளிட்ட ஹார்ப்பர்ஸ் இதழில் ஸ்மால்ஸின் உருவப்படமும் கப்பலின் படமும் வெளிவந்தன. அதில் அவர் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. பெயருக்கு அருகே கப்பலின் தலைவர் என்றும் இருந்தது. உண்மையில் அப்போது அவருக்கு அப்பதவி இல்லை. 1863 டிசம்பரில் குண்டு மழையில் உண்மைத் தலைவர் பதுங்கிவிட, ஸ்மால்ஸ் கப்பலைக் காத்த பிறகுதான் அது அவருக்குக் கிடைத்தது. படத்தின் அடியில் எழுதியவர் தவறினாரா, முன்கூட்டியே உணர்ந்தாரா என்று நாம் ஆராய வேண்டியதில்லை. பாசறைத் தீயருகே ஆடியவருக்குப் பெயரில்லை. ஸ்மால்ஸுக்குப் பெயர் இருந்தது.

ஆனால் பொதுவாகக் கடற்போர்ப் படங்களில் மனிதரைக் காண்பது அரிது. 1864 ஜூன் 19ஆம் நாள் பிரான்ஸ் நாட்டு ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளியே வடதரப்பின் 'கியர்சார்ஜ்' கப்பலும் தென்தரப்பின் 'அலபாமா'வும் மோதின. அலபாமா மூழ்கியது. கடலின் இரு கரையிலும் உள்ள படத் தாள்கள் அதைச் செதுக்கின. அவற்றில் நாம் காண்பவை பாய்மரங்கள், புகை, அலை, கொடி. மனிதர் வெறும் புள்ளிகள். கியர்சார்ஜின் இரண்டாம் எண் பீரங்கியில் குண்டு திணித்தவர் ஜோகிம் பீஸ் என்னும் கறுப்பு மாலுமி. அன்று காட்டிய நெஞ்சுரத்துக்காக நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. மூழ்கிய கப்பலிலும் டேவிட் ஒயிட் என்னும் கறுப்பு இளைஞர் இருந்தார். 1862இல் வேறொரு கப்பலிலிருந்து பிடித்துவரப்பட்டு, அதிகாரிகளின் உணவறையில் அடிமையாக வைக்கப்பட்டவர். நீந்தத் தெரியாமல் கடலில் மாண்டார். ஒரே படத்தின் இரு புகைத்திரளுக்குள் இவ்விருவரும் இருக்கின்றனர். ஏறத்தாழ 18,000 கறுப்பு மாலுமிகள் வடதரப்புக் கடற்படையில் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் படத்தில் இப்படிக் கப்பலின் மரச் சுவருக்குப் பின்னேதான் நிற்கின்றனர்.

தரைப்படைக்குத் திரும்புவோம். 1863 ஜனவரி 1ஆம் நாள் லிங்கனின் விடுதலை அறிக்கை வந்தது. படைக் கதவும் திறந்தது. செதுக்குவோரின் கட்டையிலும் உடனே மாற்றம் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச் 14 நாளிட்ட ஹார்ப்பர்ஸ் இதழில் தாமஸ் நாஸ்ட் வரைந்த இருபக்கப் படம் வந்தது: கறுப்புப் படையினர் துப்பாக்கி முனையில் கத்தி பூட்டி எதிரியின் மேல் பாய்கின்றனர். அது களத்தில் எடுத்த குறிப்பன்று. கறுப்பு மனிதர் போரிடுவாரா என்று ஐயுற்ற வடநாட்டு வெள்ளையருக்குக் கூறிய விடை.

ஜூலை 4, அந்நாட்டின் சுதந்திர நாள். அன்று நாளிட்ட இதழில் மூன்று படங்கள் சேர்ந்து வந்தன. கிழிந்த ஆடையோடு தப்பி வந்தவர் ஒருவர்; சவுக்கடியின் தழும்புகள் வேர்க்கொத்துப் போல் பின்னிய ஒரு முதுகு; படைச் சீருடையில் துப்பாக்கி ஏந்திய வீரர். மூவரும் கார்டன் என்னும் ஒரே மனிதர் என்று இதழ் சொல்லியது. முதுகின் படம் பேட்டன் ரூஜ் நகரில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கியது, அதில் பொய்யில்லை. ஆயின் மூன்றும் ஒரே ஆளின் படங்கள் அல்ல என்றும், கதையை ஆசிரியர் குழு பிணைத்தது என்றும் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். தலைப்போ 'மாதிரி நீக்ரோ' என்னும் பொருளது. தழும்பு உண்மை, தாங்கிய மனிதரின் பெயரும் வாழ்வும் மாதிரி ஆகிவிட்டன. நம்மைப் பற்றிப் பரிவோடு எழுதுவோரிடமும் இந்த வழக்கத்தை நாம் கண்டதுண்டு.

இரண்டு வாரம் கழிந்து ஜூலை 18 மாலை, சார்ல்ஸ்டன் அருகே வாக்னர் கோட்டையின் மீது மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவு பாய்ந்தது. சென்றவர் ஏறத்தாழ 600 பேர். இறந்தோர், காயமுற்றோர், காணாமற் போனோர் 272 பேர். வெள்ளைத் தளபதி ராபர்ட் ஷா கோட்டைச் சுவரில் மாண்டார். எதிரிகள் அவரை அவருடைய கறுப்பு வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தனர். இழிவு செய்வதாக அவர்கள் கருதியதை ஷாவின் பெற்றோர் பெருமையாக ஏற்றனர். சுவரில் மாட்டுவதற்கென்று விற்ற கல்லச்சுப் படங்களில் உச்சியில் நிற்பவர் ஷாவே. கொடியைத் தாங்கி, உடலெங்கும் காயத்தோடு தவழ்ந்து வந்து அதைக் காத்த வில்லியம் கார்னிக்கு வீரப் பதக்கம் 1900இல்தான் கிட்டியது.

அந்த வீரர்களின் ஊதியத்தை எந்த உளியும் செதுக்கவில்லை. வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரனுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று மூன்றைப் பிடித்தனர். 54ஆம் பிரிவினர் குறைந்த கூலியைத் தொட மறுத்தனர். ஊரில் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோதும் மறுத்தனர். 1864 ஜூனில் சட்டம் இயற்றிச் சம ஊதியம் வழங்கினர். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,79,000 கறுப்பு வீரர்கள் படையில் சேர்ந்தனர். ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர்.

1864 ஏப்ரல் 12ஆம் நாள் பில்லோ கோட்டையில் சரணடைந்த கறுப்பு வீரர்களைத் தென்தரப்பினர் வெட்டியும் சுட்டும் கொன்றனர். அங்கிருந்த கறுப்பு வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏப்ரல் 30 நாளிட்ட இதழில் அக்கொடுமை படமாக வந்தது. பதினெட்டே நாளில் செய்தி வந்து, கட்டை செதுக்கி, அச்சேறிவிட்டது.

போர் முடிந்தபின் 1865 ஆகஸ்டில் நாஸ்ட் மற்றொரு படம் வரைந்தார். நாட்டின் உருவமாகிய பெண், ஒரு காலை இழந்து ஊன்றுகோலில் நிற்கும் கறுப்பு வீரரைக் காட்டி, இவருக்கு வாக்குரிமை இல்லையா என்று கேட்கிறாள். 1870இல் சட்டத் திருத்தத்தால் அவ்வுரிமை வந்தது. ஆயினும் நாஸ்டின் உளிக்கு அந்த அன்பு நிலைக்கவில்லை. 1874ஆம் ஆண்டு, அதுவும் மார்ச் 14ஆம் நாளிட்ட இதழின் முகப்பில், தென் கரோலினா சட்டமன்றத்துக் கறுப்பு உறுப்பினர்களைக் கூச்சலிட்டுச் சண்டையிடும் கோமாளிகளாக அவர் வரைந்தார். அதே பெண் இப்போது அவர்களை அதட்டுகிறாள். காயம்பட்டுக் கைநீட்டி நின்றவரை வரைய முடிந்த கைக்கு, நாற்காலியில் அமர்ந்து ஆள்பவரை வரைய முடியவில்லை என்றே நாம் கொள்கிறோம்.

அந்தச் சட்டமன்றத்தின் மேலவையில் அப்போது ராபர்ட் ஸ்மால்ஸ் உறுப்பினர். அடிமைக்கு எழுத்தறிவிப்பதை 1834ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாக்கிய மாநிலம் அது. ஸ்மால்ஸ் தம் இருபத்தைந்தாம் வயதில், 1864இல், பிளாண்டர் பழுதுபார்க்கப்பட்ட பிலடெல்பியா நகரில் தங்கியபோதுதான் எழுதப் படிக்கக் கற்றார். அந்நகரில்தான் வெள்ளைப் பயணி ஒருவருக்காக டிராம் வண்டியில் எழுந்திருக்குமாறு அவருக்கு ஆணையிட்டனர். அவர் இறங்கி நடந்தார். 1868இல் மாநில அரசியலமைப்பு மன்றத்தில் அமர்ந்து, இன வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமான கட்டாயப் பள்ளிக் கல்வி வேண்டுமென்று அவர் போராடினார். பொதுப் பள்ளிகள் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டுமென்னும் விதி அந்த அரசியலமைப்பில் இடம்பெற்றது. நாஸ்டின் படம் வந்த அதே 1874ஆம் ஆண்டின் இறுதியில் மக்கள் அவரை வாஷிங்டன் நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுத்தனர். தம் தாய் பணிப்பெண்ணாக உழைத்த பியூஃபோர்ட் வீட்டை அவர் முன்னரே விலைக்கு வாங்கியிருந்தார். 1915இல் அவ்வூரிலேயே மறைந்தார்.