உள்ளாட்சி நிதி (தமிழ்நாடு)

உள்ளாட்சி நிதி: குடிநீர், தெருவிளக்கு, சாலை, சாக்கடை, துப்புரவு, தொடக்கப்பள்ளி போன்ற ஊர்த் தேவைகளுக்காக ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவை தாமே திரட்டும் வரியும், மாநில, ஒன்றிய அரசுகள் அவற்றுக்குத் தரும் பங்கும் மானியமும் சேர்ந்தது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, அதை எதற்குச் செலவிடலாம் என்று யார் சொல்வது, கணக்கை யாரிடம் காட்டுவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் தமிழகம் காலந்தோறும் வேறு வேறு விடைகளைக் கண்டிருக்கிறது. அந்த விடைகளின் கதைதான் உள்ளாட்சி நிதியின் வரலாறு.

சபையும் ஏரியும்

முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெயர்பெற்றவை. நிதி வரலாற்றைப் படிப்பவருக்கு அவற்றில் இன்னொரு செய்தி முக்கியம். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வேலையைப் பிரித்துக்கொண்ட அந்தச் சபையில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. ஊர்ப் பணத்துக்குக் கணக்குச் சொல்லாதவனை ஊர் திரும்பத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற விதி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் இருக்கிறது. அது பிராமணர்களின் சபை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏரியைக் காக்கத் தனி வரவு இருந்தது. ஏரிப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. அதன் விளைச்சல் கரையை உயர்த்தவும் மடையைச் செப்பனிடவும் போனது. தூர் வாருவது, வாய்க்கால் வெட்டுவது போன்ற வேலைகளை ஊரார் ஆள் அனுப்பிச் செய்தார்கள். இதுவே பிற்காலத்தில் குடிமராமத்து என்று பெயர் பெற்றது. கம்பெனி ஆட்சியில் நிலவரி முழுவதும் கலெக்டர் கச்சேரிக்குப் போகத் தொடங்கியதும் ஊர் கையில் வரவு மிஞ்சவில்லை, கடமை மட்டும் மிஞ்சியது. 1858-இல் வந்த கட்டாய உழைப்புச் சட்டம் அந்தக் கடமையை வற்புறுத்திப் பார்த்தது. வரவை எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் ஊரின் தலையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூர்ந்துபோன ஏரிகளே சாட்சி.

வெள்ளையர் காலம்

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. உள்ளூர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டால் நகர வரியை எளிதாக வாங்கிவிடலாம் என்பது லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களின் எண்ணம். மக்கள் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை.

பிற ஊர்களுக்கு நகராட்சி வர இன்னும் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் ஆயின. 1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மதுரை, கோயம்புத்தூர், சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்கள் 1866-இல் நகராட்சிகள் ஆயின. 1870-இல் வைசிராய் மேயோ பிரபு மாகாணங்களுக்கு நிலையான தொகையை ஒதுக்கி, போதாததை உள்ளூர் வரியால் திரட்டிக்கொள்ளச் சொன்னார். மறு ஆண்டே சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. நிலத்தின்மேல் ரூபாய்க்கு ஓர் அணா வரை மேல்வரி போட்டு, அதில் சாலையும் மருத்துவமனையும் பள்ளியும் நடத்த ஏற்பாடானது. ‘லோக்கல் பண்டு ரோடு’, ‘லோக்கல் பண்டு ஆஸ்பத்திரி’ என்ற பேச்சு வழக்குகள் அப்போது பிறந்தவை. 1882 மே 18-இல் வைசிராய் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமும் அதன் வழி வந்த 1884 சட்டங்களும் ஜில்லா போர்டுகளையும் தாலுகா போர்டுகளையும் தந்தன. மாநகராட்சி மாளிகைக்கு அவர் பெயரைச் சென்னை வைத்திருப்பது இந்த நன்றிக்காகத்தான்.

ஜில்லா போர்டு என்ன செய்ய முடியும் என்பதைத் தஞ்சாவூர் காட்டியது. அந்தப் போர்டு நிலவரியோடு ரூபாய்க்கு மூன்று பை வீதம் ரயிலுக்கென்று தனி மேல்வரி வசூலித்தது. ஒரு ரூபாய்க்கு 192 பை. ஆகவே வரி கட்டியவர் ரூபாய்க்கு அறுபத்து நான்கில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தார். அந்தச் சில்லறைக் காசு சேர்ந்து மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் தண்டவாளம் ஆயிற்று. 1894-இல் ரயில் ஓடியது. வண்டியை ஓட்டும் பொறுப்பைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் விட்டுவிட்டு, வருமானத்தைப் போர்டு பெற்றது. அந்த வரவையும் கொண்டு பாதை பட்டுக்கோட்டைக்கும், 1903-இல் அறந்தாங்கிக்கும் நீண்டது. டெல்டா விவசாயி கட்டிய மேல்வரியில் போட்ட பாதையில், அகலப் பாதையாக மாறிய பின்னும், இன்று ரயில் ஓடுகிறது. திருநெல்வேலி–திருச்செந்தூர்ப் பாதையும் (1923) ஜில்லா போர்டு முயற்சியில் வந்ததே. இன்றைய மாவட்ட ஊராட்சி எதுவும் இப்படி ஒரு காரியத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. போர்டுக்கு வரி போடும் உரிமையும் அதைச் செலவிடும் உரிமையும் சேர்ந்தே இருந்தன. இன்றைய மாவட்ட ஊராட்சிக்குச் சொந்த வரி என்று ஒன்று கிடையாது.

நகராட்சித் தலைவர் பதவி அந்நாளில் பெரிய மனிதர்கள் விரும்பி ஏற்ற பொறுப்பு. ஈரோட்டில் பெரியார் தலைவராக இருந்தபோது காவிரி நீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவந்தார். சேலத்தில் ராஜாஜி தலைவராக இருந்தார். சென்னை மாநகராட்சி சர் பிட்டி தியாகராயர் தலைமையில் 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரையறை வைத்தார்கள். மற்றப் பள்ளிகளுக்கும் விரிந்த அந்தத் திட்டம் 1925-இல் நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிட அரசு இசையவில்லை என்பதே காரணம். பின்னர் சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது. காமராசர் மாநிலம் முழுவதும் நடத்திய மதிய உணவுக்கு வேர் ஒரு மாநகராட்சியின் வரவு செலவில் இருக்கிறது. ‘இந்தத் தலைப்பில் இதற்குச் செலவிடக் கூடாது’ என்று மேலிருந்து வந்த ஓர் உத்தரவு பிள்ளைகளின் தட்டை எடுத்துக்கொண்டதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

ஒன்றியங்களும் நீண்ட இடைவெளியும்

விடுதலைக்குப் பின் பல்வந்த்ராய் மேத்தா குழு 1957-இல் தந்த பரிந்துரையை ஒட்டி, 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை அமைத்தது. ஜில்லா போர்டுகள் கலைந்தன. அவற்றின் உயர்நிலைப் பள்ளிகள் அரசிடம் போயின. ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் ‘போர்டு ஹைஸ்கூல்’ என்று சொல்வதுண்டு. தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்திடம் வந்தன. ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பலகை இன்றும் ஆயிரக்கணக்கான ஊர்களில் தொங்குகிறது, சம்பளம் கொடுப்பது மட்டும் மாநில அரசு.

நிலவரியோடு வாங்கும் தலவரி, தலமேல்வரி, ஊராட்சி வசூலிக்கும் வீட்டு வரிக்கு ஈடாக அரசு தரும் மானியம் என்று ஒழுங்கான நிதி ஏற்பாடு அப்போது இருந்தது. ஊர் வரி வாங்கினால்தான் அரசும் கொடுக்கும் என்பதால் வசூலில் அக்கறை இருந்தது. ஆனால் 1970-க்குப் பின் அடுத்த ஊராட்சித் தேர்தல் 1986-இல்தான் நடந்தது. அந்த அவையின் காலம் 1991-இல் முடிந்தபின் மீண்டும் ஐந்தாண்டு இடைவெளி. தேர்ந்தெடுத்தவர் இல்லாத காலங்களில் தனி அலுவலர் கையெழுத்தில் பணம் போனது; சாலையும் விளக்கும் மேலிருந்து வரும் திட்டங்கள் ஆயின.

சட்டத் திருத்தத்துக்குப் பின்

அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இலும், 74-ஆம் திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1-இலும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் இரண்டும் கட்டாயம் ஆயின. தமிழ்நாடு 1994-இல் புதிய ஊராட்சிகள் சட்டம் இயற்றி, 1996-இல் தேர்தல் நடத்தியது. முதல் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 8 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று தொடங்கி, பின்பு படிப்படியாக 10 விழுக்காடு ஆயிற்று. ஒன்றிய அரசின் அளவில் பத்தாவது நிதி ஆணையம் முதன்முதலாக உள்ளாட்சிகளுக்கு மானியம் பரிந்துரைத்தது. ஊரகத்துக்கு 1971 மக்கள்தொகைப்படி தலைக்கு 100 ரூபாய். பதினான்காவது ஆணையம் 2015–20 காலத்துக்கு நாடு முழுவதற்கும் 2,87,436 கோடி ரூபாயும், பதினைந்தாவது ஆணையம் 2021–26 காலத்துக்கு 4,36,361 கோடி ரூபாயும் பரிந்துரைத்தன. தொகை பெருகியது. கூடவே கட்டும் இறுகியது: பதினைந்தாவது ஆணைய மானியத்தில் ஊராட்சிக்கு வரும் பணத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடலாம். குடிநீர் குறையாத, ஆனால் மயானப் பாதை இல்லாத ஊர் மீதி 40 விழுக்காட்டுக்குள்தான் அதைச் சமாளிக்க வேண்டும்.

மாநிலத்தின் சொந்தத் திட்டங்களும் ஊர்களின் முகத்தை மாற்றின. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஒவ்வோர் ஊராட்சிக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. இரண்டு குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் இருபது உள்ள ஊராட்சிக்கும் ஒரே தொகை என்பது அதன் குறை. 2011-இல் வந்த ‘தாய்’ திட்டம் குடியிருப்புகளின் எண்ணிக்கையை அடிப்படையாக்கி அதைச் சரிசெய்ய முயன்றது. மக்கள் ஒரு பகுதியைத் தர, அரசு மீதியைப் போடும் ‘நமக்கு நாமே’ 1997-98-இல் தொடங்கி, ஆட்சி மாற்றங்களோடு நின்றும் தொடர்ந்தும் வருகிறது.

ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குள் போய்ப் பார்த்தால் நிலைமை விளங்கும். வங்கியில் மூன்று கணக்குகள். ஒன்றாம் எண் பொது நிதி: வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மீன்பாசிக் குத்தகை, புளிய மர ஏலம் எல்லாம் இதில் சேரும். இரண்டாம் எண்ணில் விழும் பணம் மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் போய்விடும். திட்டப் பணம் மூன்றாம் எண்ணில். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். ‘செக் பவர்’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். தனித்தொகுதியிலிருந்து தலைவராக வந்தவரைப் பணியவைக்க, ஆதிக்கச் சாதித் துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுப்பது பல ஊர்களில் நடந்திருக்கிறது. தனித்தொகுதியான மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன் 1997-இல் ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதேபோல் தனித்தொகுதிகளான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 2006 வரை முறையான தலைவரே அமர முடியவில்லை. ஊர்ப் பணத்தின் மேல் யாருக்கு அதிகாரம் என்ற கேள்விக்காக உயிரே போயிருக்கிறது. இதை விட்டுவிட்டு எழுதும் நிதி வரலாறு பாதி வரலாறு.

நகரங்கள் வேறு வழி தேடின. ஆலந்தூர் நகராட்சி, ஆர். எஸ். பாரதி தலைவராக இருந்தபோது, பாதாளச் சாக்கடை போட முடிவு செய்தது. முழுத் தொகையும் அரசிடம் கிடைக்காத நிலையில் நகராட்சி வீடு வீடாகப் போய் விளக்கியது. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை. குழி வெட்டும் முன்பே பல்லாயிரம் குடும்பங்கள் கட்டின. மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் மானியமும் கிடைத்தன. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்தினார்கள். 2000-இல் வேலை தொடங்கியது, சில ஆண்டுகளில் வீடுகளுக்கு இணைப்பு வந்தது. மதுரை மாநகராட்சி 2001-இல் கடன் பத்திரம் வெளியிட்டுச் சுற்றுச்சாலைக் கடனை அடைத்தது. என்ன வேலை, எவ்வளவு செலவு, எப்போது முடியும் என்று நேரில் சொன்னால் மக்கள் பணம் தருவார்கள் என்பதை ஆலந்தூர் மெய்ப்பித்தது.

சொத்து வரியில் நடந்தது இதற்கு நேர் எதிர். சென்னையில் 1998-க்குப் பின்னும், பிற நகரங்களில் 2008-க்குப் பின்னும் வரி நெடுங்காலம் திருத்தப்படவில்லை. 2018-இல் உயர்த்தி 2019-இல் திரும்பப் பெற்றார்கள். பதினைந்தாவது நிதி ஆணைய மானியத்துக்கு வரித் திருத்தம் நிபந்தனை என்றானதும் 2022 ஏப்ரலில் கட்டடத்தின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை ஒரே மூச்சில் உயர்ந்தது. ஆண்டுதோறும் சிறிது கூட்டியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது பழைய கேளிக்கை வரிக்கு இடமில்லாமல் போக, தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டு உள்ளாட்சிகளுக்கு அந்த வரவை மீட்டுக் கொடுத்தது.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தேர்ந்தெடுத்த அவை இல்லை என்பதால் ஒன்றிய அரசு நிதி ஆணைய மானியத்தை நிறுத்திவைத்தது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், விடுபட்ட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியிலும் நடந்தன. 2019-இல் தேர்வான ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அன்று தேர்தல் அறிவிப்பு எதுவும் இல்லை. அந்த ஊராட்சிகளின் காசோலைகள் மறுபடியும் தனி அலுவலர்களிடம் போயின.