குதிரை நடையும் பெருக்கல் கூண்டும்

பெருக்கல் கூண்டு போட்ட சுடோகு ஒன்றைத் தயாரிக்க உட்காரும்போதெல்லாம் எனக்கு ஸ்ரீரங்கத்துப் பாதுகா ஸஹஸ்ரம்தான் ஞாபகத்துக்கு வரும். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சாகத் தோன்றலாம். ஆனால் கட்டத்துக்குள் எதை வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் வேதாந்த தேசிகருக்கு நிகரானவர் குறைவு.

அரங்கனின் பாதுகைகள் மீது தேசிகர் (மரபுக் கணக்கில் 1268–1369) 1008 சுலோகங்கள் பாடினார். ஒரே இரவில் பாடி முடித்தார் என்பது வைணவ மரபு. அதில் 30-ஆவது பகுதி சித்திர பத்ததி. அங்கே அடுத்தடுத்த இரண்டு சுலோகங்களைச் சதுரங்கக் குதிரை இணைக்கிறது. முதல் சுலோகத்தின் 32 எழுத்துகளை 4 வரிசை, 8 பத்தியாக, அதாவது பாதிச் சதுரங்கப் பலகையில், எழுதிக்கொள்ள வேண்டும். முதல் கட்டத்தில் குதிரையை வைத்து, மிதித்த கட்டத்தை மறுபடி மிதிக்காமல் 32-ஐயும் சுற்றி வந்தால் அடுத்த சுலோகம் வந்துவிடும்.

இதை முதலில் செய்தவர் தேசிகர் இல்லை. 9-ஆம் நூற்றாண்டிலேயே காஷ்மீரத்து ருத்ரடர் செய்திருக்கிறார். ஆனால் அவருடையதை நேராகப் படித்தாலும் குதிரை நடையில் படித்தாலும் அதே சுலோகம்தான். தேசிகருக்குக் கிடைப்பது வேறொரு சுலோகம், வேறு பொருளோடு. போதாக்குறைக்கு அனுஷ்டுப் விருத்தம்: ஒவ்வொரு பாதத்திலும் 5-ஆவது எழுத்து லகு, 6-ஆவது குரு. இந்த நெருக்கடியில் எப்படித் தப்பித்தார்? 'ரா', 'தா' என்று சில எழுத்துகள் பல கட்டங்களில் திரும்ப வருகின்றன. அந்த இடங்களில்தான் அவருக்கு மூச்சு விட இடம் இருந்தது. (சித்திரக் கவியை மம்மடர் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். பொதுவாகச் சரிதான், இந்த இரண்டு சுலோகங்களுக்கு அந்தத் தீர்ப்பைப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை.)

என் கூண்டுகளிலும் இதே கதைதான். 2004-இல் ஜப்பானிய ஆசிரியர் மியாமோட்டோ தெட்சுயா தன் மாணவர்களுக்காக உருவாக்கிய கென்கென் புதிரிலிருந்து பெருக்கல் கூண்டை எடுத்து 9×9 சுடோகுவில் பொருத்துகிறோம். பெரிய எண் போட்டால் கஷ்டமாகிவிடும் என்று புதிதாகச் செய்பவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. இரண்டு கட்டத்தில் 35 என்றால் 5, 7. சும்மா கொடுத்த மாதிரிதான். மூன்று கட்டத்தில் 72 என்றால் 1-8-9, 2-4-9, 3-4-6. கூண்டு வளைந்து இரண்டு பெட்டிகளில் கால் வைத்தால் 2-6-6, 3-3-8 என்பவையும் சேரலாம். 2, 3 ஆகியவற்றின் பெருக்கங்கள்தான் இங்கே தேசிகரின் 'ரா', 'தா'.

அதற்காக எல்லாக் கூண்டையும் 72 மாதிரியே போட முடியாது. விடை ஒன்றுக்கு மேல் வந்துவிட்டால் அது புதிரே இல்லை. ஒரு முழு வரிசையின் பெருக்கற்பலன் எப்போதும் 362880. வரிசைக்குள்ளேயே முடிகிற கூண்டுகளால் அதை வகுத்தால் மீதிக் கட்டம் தானாகத் தெரியும். அந்த வழியை எங்கே திறப்பது, எங்கே அடைப்பது என்பதில்தான் என் இரவுகள் போகின்றன. 7-ஐ நான்கு கட்டக் கூண்டுக்குள் ஒளித்தால் அது உள்ளே இருப்பது தெரியும், எந்தக் கட்டம் என்பது தெரியாது.

இப்போது கையிலிருக்கும் புதிரில் 35 ஒன்று பாக்கி. எடுத்தால் விடை இரண்டாகிறது. வைத்தால் மேல் மூலை ஐந்து நிமிடத்தில் திறந்துவிடுகிறது.