காற்றைச் சுமந்து செல்லும் வண்டி

ரப்பர் டயரின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. அந்த டயருக்குள் இருக்கும் காற்றை யார், எங்கே, எந்த ஆற்றலைக் கொண்டு அடைத்தார்கள் என்ற கேள்வி அவ்வரலாறுகளில் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. காற்றின் மீது ஓடும் வண்டி, காற்று கிடைக்கும் இடத்தை விட்டு வெகுதூரம் விலக முடியாது. இன்று ஒரு பிக்கப் வண்டியின் சேசிஸில் சிறிய கம்ப்ரசரைப் பொருத்தி, பேட்டரியிலிருந்து அதற்கு ஒயர் இழுத்துக் கொடுப்பது பட்டறையில் ஒரு பிற்பகல் வேலை. அந்த வேலை சாத்தியமாவதற்கு நூறாண்டுக்கும் மேலாயிற்று. வண்டி சாலையிலிருந்து பெற்ற விடுதலையின் கதை அது.

காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். ஆண்டு 1845. குதிரை வண்டிகளின் காலத்தில் அது மறக்கப்பட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். அப்போது காற்றின் மூலம் மனிதக் கை மட்டுமே. மிதிவண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. 1895இல் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் காற்றடைத்த டயர்களுடன் மோட்டார் வண்டியை ஓட்டியபோது, வழிநெடுக டயர்கள் பஞ்சராகிக்கொண்டே இருந்தன. மோட்டார் வண்டியின் எடையும் வேகமும் கைப்பம்பின் எல்லையைக் காட்டிவிட்டன.

வண்டி தன் கம்ப்ரசரைத் தானே சுமப்பது என்ற எண்ணம் வேறொரு திசையிலிருந்து வந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காப்புரிமை பெற்ற ரயில் பிரேக்கில், எஞ்சினின் நீராவியே ஒரு பம்பை இயக்கிக் காற்றை அமுக்கியது. அந்தக் காற்றின் பணி சக்கரத்தை நிறுத்துவது, சக்கரத்துக்குள் புகுவதன்று. ஆயினும் எஞ்சினின் ஆற்றலில் ஒரு பங்கைக் காற்றாக மாற்றி, தொட்டியில் சேமித்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதை அது நிறுவியது. பின்னாளில் கனரக லாரிகளின் பிரேக் அமைப்பும் இதே வழியைப் பின்பற்றியது.

டயர்க் காற்றைப் பயணத்தின் நடுவே மாற்ற வேண்டிய தேவையைப் பாலைவனம் உருவாக்கியது. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் எகிப்து, லிபியா மணற்பரப்புகளில் ஃபோர்டு கார்களுடன் பயணித்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்டும் அவருடைய கூட்டாளிகளும், டயரின் காற்றைக் குறைத்தால் மணலைக் கடக்கலாம் என்பதைப் பழக்கத்தில் கண்டனர். காற்று குறையும்போது டயர் தரையில் அகலமாகப் படிகிறது. எடை பரவுகிறது, சக்கரம் புதைவதில்லை. ஆனால் அதே டயர் கெட்டித் தரையில் வேகமாக ஓடினால் அதன் பக்கச்சுவர் மீண்டும் மீண்டும் மடிந்து சூடேறிக் கிழியும். எனவே இறக்கிய காற்றை மறுபடி ஏற்றியாக வேண்டும். இறக்குவதற்கு ஒரு குச்சி போதும். ஏற்றுவதற்கு, கொதிக்கும் வெயிலில் நான்கு சக்கரங்களுக்கும் ஒருவர் பம்ப் அடிக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வுதான் கம்ப்ரசரை வண்டிக்குள் கொண்டுவந்தது.

அதற்கான முழுமையான விடைகளுள் ஒன்று இரண்டாம் உலகப்போரில் கிடைத்தது. நீரிலும் நிலத்திலும் செல்லும் அமெரிக்க ராணுவ லாரியான ‘டக்’கில், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்யப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஃபிராங்க் ஸ்பியர் என்ற பொறியாளர். கடற்கரை மணலில் ஏறும்போது தளர்ந்த டயர், சாலையைத் தொட்டதும் விறைத்த டயர். இந்த வகை லாரிகள் 21,000க்கும் மேல் கட்டப்பட்டன. போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்தின் ஜில்-157 லாரியும் இதே வசதியுடன் வந்தது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு எஞ்சினோடு இணைந்த கம்ப்ரசரும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் செல்லும் காற்றுக்குழாயும் தேவை. ராணுவத்துக்கு அது கட்டுப்படியாகும். சிறுவண்டி வைத்திருப்பவருக்கு ஆகாது.

சிறுவண்டிக்கான தீர்வு மின்சாரத்தில் இருந்தது. அமெரிக்கக் கார்கள் 1950களின் நடுவில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. கம்ப்ரசரின் வரலாற்றில் இதற்குரிய இடம் போதிய அளவு பேசப்படுவதில்லை. 360 வாட் மோட்டாரை 6 வோல்ட்டில் ஓட்ட 60 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால் ஒரே ஒயரில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. எஞ்சினைத் தொடாமல், ஒரு ஒயரின் முனையில், வண்டியின் எந்த மூலையிலும் கம்ப்ரசரை வைக்கலாம் என்ற நிலை இப்படித்தான் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 1975இல் தொடங்கப்பட்ட ஏஆர்பி நிறுவனம், பின்னர் காற்றழுத்தத்தால் பூட்டப்படும் டிஃபரன்ஷியலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை இயக்க வண்டியில் நிரந்தரமாக ஒரு கம்ப்ரசர் வேண்டியிருந்தது. டயருக்குக் காற்றடிப்பதையும் அதே கருவி ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் இக்கதை வேறு விதமாக விரிந்தது. ஹூக்ளிக் கரையில் சாகஞ்சில் டன்லப் ஆலை 1936இல் எழுந்தது. கோயம்புத்தூரில் 1960இல் தொடங்கப்பட்ட எல்ஜி, கம்ப்ரசர்களையும் பட்டறைக் கருவிகளையும் செய்தது. சென்னையில் 1962இல் உருவான சுந்தரம் கிளேட்டன், லாரிகளுக்குக் காற்று பிரேக்குகளைச் செய்தது. இவற்றின் விளைவாக நெடுஞ்சாலையில் காற்றுக்கு இரண்டு ஊற்றுகள் அமைந்தன. ஒன்று சாலையோரப் பஞ்சர் கடை. மற்றது லாரியே. பிரேக்குக்காக எஞ்சின் அமுக்கும் காற்றிலிருந்து ஒரு குழாயை இழுத்து டயருக்குக் காற்றேற்றுவது லாரி ஓட்டுநர்களுக்கு நெடுநாள் பழக்கம். ஆளில்லா இடத்தில் ஒரு லாரி மற்றொரு லாரிக்குக் காற்று கொடுத்ததும் இந்த வழியில்தான்.

பிக்கப் வண்டிக்கு இந்த வாய்ப்பு இல்லை. 1988இல் வந்த டாடாமொபைல் 206 முதல் இன்றைய பொலேரோ பிக்கப் வரை இவற்றின் பிரேக்குகள் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குபவை. காற்றுத் தொட்டி கிடையாது. லாரியைப் போலச் சுமை ஏற்றி, லாரி போகாத வழிகளிலும் செல்லும் இந்த வண்டி, காற்றைப் பொறுத்தவரை காரின் நிலையிலேயே இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பட்டறையில் கம்ப்ரசர் பொருத்தப்படுகிறது. தார்ப் பாலைவனத்து மணலுக்கும் லடாக்கின் மலைப்பாதைக்கும் புறப்படும் பயணியும், வண்டி நின்ற இடத்துக்கே சென்று பஞ்சர் ஒட்டும் தொழிலாளியும் ஒரே தேவையோடு அங்கு வந்து சேர்கிறார்கள்.

அந்தப் பட்டறை வேலைக்கும் ஓர் அறிவு மரபு உண்டு. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு கருவிக்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியரே எல்லை. பெரிய கம்ப்ரசருக்கு நேராகப் பேட்டரியிலிருந்தே ஒயர் வர வேண்டும். கம்ப்ரசரைப் பின்பக்கம் வைத்தால் ஒயர் போகவர 10 மீட்டர் ஆகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் 30 ஆம்பியர் சென்றால் வழியிலேயே ஏறத்தாழ 2 வோல்ட் தொலைந்துவிடும். மோட்டார் திணறிச் சூடாகும். 10 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு அரை வோல்ட்டாகச் சுருங்கும். ஓட்டுநர் அறையிலுள்ள சிறு சுவிட்ச் இந்த மின்னோட்டத்தைத் தாங்காது. அது ரிலேயை மட்டும் தூண்ட, ரிலே மோட்டாருக்கு மின்சாரம் தரும். அழுத்தம் நிறைந்ததும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். அமுக்கப்படும் காற்று சூடேறுவது இயற்கை. ஆகவே காற்றோட்டம் உள்ள, சேறும் நீரும் தெறிக்காத இடம் தேவை. அதிர்வைத் தாங்க ரப்பர் புஷ் தேவை. இவற்றில் பெரும்பகுதி எந்த நூலிலிருந்தும் அன்றி, கருகிய ஒயர்களிலிருந்து கற்றுக்கொள்ளப்பட்டது.

இந்த வரலாற்றின் தடம் மொழியிலும் உண்டு. கலைச்சொல்லாக்கம் ‘காற்றமுக்கி’ என்கிறது. பட்டறை ‘கம்ப்ரசர்’ என்கிறது. செயலைக் குறிக்கத் தமிழ் இன்றும் ‘காற்றடித்தல்’ என்றே சொல்கிறது. கம்ப்ரசரின் விசையை அழுத்துபவர் எதையும் அடிப்பதில்லை. கை மேலும் கீழும் இயங்கிய காலத்துச் சொல், கை ஓய்ந்த பின்னும் நிலைத்திருக்கிறது. உழைப்பு இடம்மாறிவிட்டது என்பதைச் சொல் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

உண்மையில் அந்த உழைப்பு மறையவில்லை. பம்ப் அடித்தவரிடமிருந்து ஒயரிங் செய்பவரிடம் சென்றிருக்கிறது. தொழில்நுட்ப வரலாறு தாம்சனையும் டன்லப்பையும் ஸ்பியரையும் பெயரிட்டு நினைவில் வைக்கிறது. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் ஃபியூஸைப் பொருத்துபவருக்கு அதில் பெயர் இல்லை. ஃபியூஸ் இல்லாத ஒயர் சேசிஸில் உரசி அதன் உறை தேய்ந்த நாளில் வண்டி தீப்பற்றலாம். ஃபியூஸ் இருந்தால் அது உருகி, கம்ப்ரசர் நின்றுபோகும், அவ்வளவுதான். தன் கையால் தவிர்க்கப்பட்ட விபத்துகளைப் பட்டறைக்காரர் எண்ணி வைப்பதில்லை. அவற்றைக் கணக்கில் கொள்ளாத வரலாறு, வண்டி எப்படிச் சாலையை விட்டு இறங்கியது என்பதைச் சொல்லலாம். அது எப்படிப் பத்திரமாகத் திரும்பியது என்பதைச் சொல்ல இயலாது.