மனச்சிதைவு நோயும் மரபுவழிக் கொள்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவக் கொள்கைகள் ஆய்வுகூடங்களுக்குள்ளேயே அடங்கிவிடுவதில்லை. அவை சட்டமாகவும் பழிச்சொல்லாகவும் மனித வாழ்வினுட் புகுவதுண்டு. மனச்சிதைவு நோய் பற்றிய சிந்தனை வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஜேர்மனிய மருத்துவர் எமில் கிரெப்பலின் 1899இல் இந்நோயை இளவயதில் தொடங்கும் அறிவுத்தேய்வாக வரையறுத்தார். சுவிற்சர்லாந்தின் ஒயிகன் புளூலர் 1908இல் அப்பெயரை விடுத்து, ‘பிளவுற்ற உளம்’ எனப் பொருள்படும் ஸ்கிசோபிரினியா என்ற பெயரை வழங்கினார். நோய் சில குடும்பங்களில் தொடர்ந்து காணப்படுவதும் அக்காலத்தே அறியப்பட்டிருந்தது.

இதன் காரணத்தை அறிய விழைந்த ஏர்ன்ஸ்ற் ரூடின், 1916இல் நோயாளரின் உடன்பிறந்தார் பற்றிய ஆய்வை வெளியிட்டார். மெண்டலின் எளிய விகிதங்கள் அங்குப் பொருந்தவில்லை. ஆயினும், நாசி அரசு 1933இல் இயற்றிய கட்டாய மலடாக்கற் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியோருள் அவரும் ஒருவரானார். அச்சட்டம் பட்டியலிட்ட நோய்களுள் மனச்சிதைவும் ஒன்று. ஏறத்தாழ 400,000 பேர் மலடாக்கப்பட்டனர். 1940-41இல் உளநோயாளரும் உடற்குறையுடையோருமாக 70,000க்கும் மேற்பட்டோர் நச்சுவாயு அறைகளிற் கொல்லப்பட்டனர். ஐயத்துக்கிடமான முடிபொன்று அரச அதிகாரத்தோடு சேர்ந்ததன் விளைவு இதுவாகும்.

போரின் பின்னர் அமெரிக்காவிலே பழி மரபிலிருந்து தாய்மீது பெயர்ந்தது. தாயின் நடத்தையே நோயை விளைவிக்கின்றது என்னும் கருத்து 1948இல் ஃபிரீடா ஃபுரொம்-ரைக்மனின் எழுத்தில் இடம்பெற்றுப் பின்னர் பரவலாயிற்று. இதனை அசைத்தது லெனார்ட் ஹெஸ்ரன் 1966இல் வெளியிட்ட ஆய்வாகும். நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து, உடனேயே பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேருள் ஐவர் நோயுற்றனர். ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்ட 50 பேருள் எவரும் நோயுறவில்லை. மரபின் பங்கு புலனாயிற்று. எஞ்சிய 42 பேர் அப்பங்கின் எல்லையையும் புலப்படுத்தினர்.

மரபு எவ்வாறு நோயாகின்றது என்ற வினா ஆய்வாளரை மூளையின்பால் திருப்பியது. கண்ட பொருள் மறைந்த பின்னரும் அதனைச் சில கணங்கள் உளத்தில் இருத்திச் செயற்படும் ஆற்றலே செயல்நினைவு. குரங்குகளில் இவ்வேளை முன்னெற்றி மூளைக் கலங்கள் தொடர்ந்து துடிப்பதைப் பற்றீசியா கோல்ட்மன்-ராக்கிச் குழுவினர் 1989இல் காட்டினர். மனச்சிதைவு நோயாளரிடம் இவ்வாற்றல் குன்றியிருப்பதை 1992இல் பார்க், ஹோல்ஸ்மன் ஆகியோர் கண்டனர்.

2014இல் வெளியான பெரும் பன்னாட்டாய்வு, நோயோடு தொடர்புடைய 108 மரபிடங்களைக் குறித்தது. அவற்றுட் பெரும்பாலானவை தனித்தனியே சிறு பங்கே ஆற்றுவன, நோயற்றோரிடத்தும் காணப்படுவன. ‘கெட்ட குருதி’, ‘நல்ல குருதி’ என மாந்தரைப் பிரித்த கோட்டுக்கு அறிவியலில் இடமில்லை. மரபு சாய்வைத் தருமேயன்றித் தீர்ப்பை எழுதுவதில்லை. இவ்வுண்மை தெளிவாகுமுன் வழங்கப்பட்ட தீர்ப்புகளை வரலாறு மறத்தலாகாது.