வீட்டுத் துப்பாக்கிக்கு எந்த ரவை?

சேத்தியாத்தோப்பில் எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்துச் சுவரில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று மாட்டியிருந்தது. தோட்டாக்கள் மட்டும் உள்ளறையில் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும். ஊரில் திருட்டுப் பேச்சு அடிபடும் இரவுகளில் தாத்தா அந்தப் பெட்டியைத் திறந்து இரண்டே இரண்டு தோட்டாக்களை எடுப்பார். வலக்குழலுக்கு நாலாம் நம்பர், இடக்குழலுக்கு எஸ்.ஜி. ஏன் இரண்டு விதம் என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். "முதல்ல மிரட்டணும்டா தம்பி. அதுக்கும் போகலேன்னாத்தான் மத்தது" என்றார். மனிதர் எவரையும் நோக்கி அவர் அதை நீட்டியதாக எங்கள் குடும்பத்தில் கதை இல்லை.

சென்ற ஆண்டு அப்பா காலமானபோது அந்தத் துப்பாக்கி என் பொறுப்புக்கு வந்தது. துப்பாக்கி வாரிசுக்குச் சேரலாம், உரிமம் சேராது. நான் என் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது அதை விட்டுவிட வேண்டும். அதுவரை அது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ வைப்பில் இருக்கும். முடிவெடுக்கும் முன் இதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். வாசித்ததில் சிலவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தமிழ் படித்தவன் என்பதால் முதலில் சொற்களிடம்தான் போனேன். 'துப்பாக்கி' துருக்கிய மூலமுடைய சொல் என்கிறது தமிழ்ப் பேரகராதி. ஆனால் அதற்குள் போடுபவற்றுக்கு நாம் வீட்டுச் சொற்களையே வைத்துக்கொண்டோம். கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்தால் அது 'மருந்து'. குழலுக்குள் கொட்டும் ஈய மணிகள் 'ரவை'. உப்புமாவுக்கும் அதே சொல். நாட்டுத் துப்பாக்கிக்காரர் மருந்தைக் கொட்டி, நாரை அடைத்து, ரவையைப் போட்டு, கோலால் இடித்துக் 'கெட்டிப்பார்'. வீராணம் ஏரிக்கரைப் பறவைகளுக்கு எவ்வளவு மருந்து, என்ன ரவை என்பதைக் கையளவிலேயே அறிந்திருந்த நரிக்குறவர்களை என் தலைமுறையினர் பார்த்திருக்கலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்த வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தன.

தோட்டா வந்தபின் கையளவு போய் எண்கள் வந்தன. தாத்தாவின் துப்பாக்கி 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஒன்று சரியாக நுழையும் குழல் என்று பொருள். விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். ரவையின் எண்ணும் இதே போன்ற கணக்குதான்: எண் கூடக்கூட மணி சிறுக்கும். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அளவின்படி ஓர் அவுன்ஸ் எடையில் ஆறாம் நம்பர் 270 மணிகள், நாலாம் நம்பர் 170, பி.பி. 70. அதற்கு மேல் எண்கள் முடிந்து எழுத்துகள் வருகின்றன. எஸ்.ஜி. என்றால் அவுன்ஸுக்கு 8 மணிகள், எல்.ஜி. என்றால் 6. ஆறும் நாலும் பறவைகளுக்கானவை, எஸ்.ஜி.யும் எல்.ஜி.யும் மானுக்கும் பன்றிக்குமானவை. மனிதனுக்கென்று இந்த வரிசையில் தனி எண் கிடையாது. வீட்டுக்காரர் பறவைக்கும் பன்றிக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் திருடனை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

தாத்தாவின் ஏற்பாடு அவரைப் போலவே நிதானமானதாக எனக்கு வெகுநாள் தோன்றியது. அது தவறு என்று இப்போது தெரிகிறது. ரவை பரவுவதற்குத் தொலைவு வேண்டும். எங்கள் கூடத்திலிருந்து வாசல் நடைக்குப் பதினைந்து அடிதான். அந்தத் தொலைவில் நாலாம் நம்பரின் 170 மணிகளும் விரித்த கையளவுக்குள் ஒரே கட்டியாகப் போய் விழும். முப்பது கஜத்துக்கு அப்பால் ஒரு கொக்கை வீழ்த்தும் ரவை, கூடத்துக்குள் ஒரு மனிதனைக் கொன்றுவிடும். மற்றதோ, எஸ்.ஜி., பலகைக் கதவைத் துளைத்து அதற்கப்பால் படுத்திருக்கும் நம் வீட்டாரையே எட்டக்கூடும். ஆக மிரட்டும் ரவை என்று ஒன்று வீட்டுக்குள் இல்லை. விசையை இழுப்பவர் கொல்லவே துணிகிறார் என்பதுதான் உண்மை.

அந்தத் துணிவுக்கு நமக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் விசித்திரமான வரலாறு இருக்கிறது.

எங்கள் ஊர் வெள்ளாற்றின் கரையில் இருக்கிறது. அந்த ஆறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில்தான் 1781 ஜூலை முதல் நாள் ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் கம்பெனிப் படையும் மோதின. இருபதாண்டுகள் கழித்து, 1801-இல், கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர்; டிசம்பரில் ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களின் மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அறிக்கை விடுத்தார். கோட்டைகள் இடிக்கப்பட்டன.

1860-இல் இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. மெக்காலேயின் வரைவிலிருந்து உருவான அச்சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தற்காப்புரிமையை விரிவாகவே வழங்கியது. இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைக் கொல்லும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளலாம். ஆனால் காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தீங்கு செய்யக்கூடாது என்பது அதன் எல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இதையே சொல்கிறது.

உரிமையைக் கொடுத்த அரசு பதினெட்டாண்டுகளில் கருவியை எடுத்துக்கொண்டது. 1878-இல் லிட்டன் பிரபு இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று தாய்மொழி இதழ்ச் சட்டம். மற்றது ஆயுதச் சட்டம். முதலாவது சென்னை மாகாணத்தைத் தொடவில்லை. சில ஆண்டுகளிலேயே ரிப்பன் பிரபு அதை நீக்கியும் விட்டார். இரண்டாவது நம்மையும் தொட்டது. விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. உரிமமின்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. குடகர்களைப் போல விலக்குப் பெற்றவர் மிகச் சிலரே. நம் வீட்டில் எந்த ரவை என்ற கேள்வி, யாருடைய வீட்டில் என்ற கேள்விக்குப் பின்னால் போய் நின்றது.

இந்த அவமானத்தை அன்றைய தலைவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் இயற்றியது. 1930 ஜனவரியில் காந்தி வைசிராய்க்கு முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில் உப்பு வரி நீக்கம் இருந்ததை நாமறிவோம். தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. அகிம்சையின் ஆசான் துப்பாக்கி கேட்டார் என்று இதை வேடிக்கையாக வாசிக்கலாம். ஆனால் ஆயுதம் ஏந்த முடியாதவன் ஆயுதத்தைத் துறக்கவும் முடியாது என்பதே அதன் பொருளாக எனக்குப் படுகிறது. 1931-இல் கராச்சித் தீர்மானம் அதை ஓர் அடிப்படை உரிமையாகவே எழுதியது.

பிறகு நாமே நாட்டை ஆளும் நாள் வந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. உரிமை என்று ஆகிவிட்டால் கள்வனுக்கும் அதை எப்படி மறுப்பது என்பது அவர் எழுப்பிய கேள்வி. திருத்தம் தோற்றது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது துப்பாக்கி உரிமையாக வரவில்லை, அனுமதியாகவே வந்தது. எனினும் தாத்தாவைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு சாளரம் இருந்தது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கி. உண்மையான பயிர்க் காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி.

இவ்வளவும் துப்பாக்கி வைத்திருப்பவரின் பக்கத்து வரலாறு. குழல் எந்தப் பக்கம் நீண்டது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. திருட்டுப் பயத்துக்கு அரசு கண்ட மருந்து, சில சாதிகளை முழுமையாகப் பதிவேட்டில் ஏற்றுவது. கைக்குழந்தையும் நாளைய திருடனாகக் கருதப்பட்டது. 1947-இல் இங்கே அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் தாத்தா இரண்டு தோட்டாக்களை எடுத்த இரவுகளில் ஊரில் அடிபட்ட பெயர்கள், தனிமனிதர்களின் பெயர்கள் அல்ல என்பது எனக்கு நினைவிருக்கிறது. சாதிப் பெயர்கள். அந்தச் சாதிகளில் எவருடைய வீட்டுச் சுவரிலும் உரிமம் பெற்ற துப்பாக்கியை நான் பார்த்ததில்லை. பயப்படும் தகுதி சிலருக்கும், பயப்படப்படும் விதி சிலருக்கும் என்று ஊர் பிரித்துவைத்திருந்தது. சட்டம் தாளில் எழுதியதை நாங்கள் தோட்டாவில் எழுதியிருந்தோம்.

இப்போது ஊர் மாறிவிட்டது. சற்றுத் தொலைவில் நெய்வேலியின் சுரங்க வாயில்களில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் நிற்கிறார்கள். தெருவில் கண்காணிப்புக் கேமராக்கள் இருக்கின்றன. தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் அப்பா துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, முடிந்ததும் எடுத்து வருவார். அவர் காலத்தில் அது பயன்பட்ட பெரும்பயன் அந்த நடைதான்.

விண்ணப்பத்தை வாங்கிவந்து நிரப்பத் தொடங்கினேன். பெயர், முகவரி, துப்பாக்கியின் வகை எல்லாம் எளிதாகவே போயின. எதற்காக வேண்டும் என்ற இடத்தில் 'பாதுகாப்பு' என்று எழுதப் போனேன். யாரிடமிருந்து என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேன். தாத்தாவின் காலத்துப் பெயர்களே முதலில் மனத்தில் வந்தன. அவற்றில் சில என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளின் சாதிப் பெயர்கள்.

படிவத்தை முடிக்கவில்லை. துப்பாக்கியையும், பெட்டியில் மீந்திருந்த நாலாம் நம்பர், எஸ்.ஜி. தோட்டாக்களையும் விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கையெழுத்திட்டேன். வாங்கிக்கொண்டவர் தோட்டாக்களை இரண்டு முறை எண்ணினார். எந்த ரவை என்று பார்க்கவில்லை.